கோமதிக்கு, அடுத்த பயணம் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணிடம் தினமும் சண்டை போடுகிறாயாமே, உன் மருமகள் போனில் சொன்னாள். சண்டை போட்டுக்கொள், ஆனால் அவள் சொல்கிற பயிற்சியை விட்டுவிடாதே. உன் காலை நம்பி ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரெல்லாம் சிங்கப்பூர், துபாய் என்று போகும்போது நீங்கள் இரண்டு பேரும் மட்டும் ஏன் பேர் தெரியாத தேசமாகத் தேடிப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். யாரும் போகாத இடத்துக்குப் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பந்தா இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் அது இல்லை. என் தங்கை அத்தனை லட்சம் செலவழித்து பாரிஸ் போய்வந்தாளே, ஈஃபில் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "படத்தில் பார்த்த மாதிரியேதான் இருக்குது" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் அவள் மறுபடி போய்ப் பார்த்தாள். லாவோஸ் பற்றி எங்கள் மனதில் ஒரு படமும் இல்லை. எது அழகு, எது சுமார் என்று அங்கே போய் நாங்களேதான் முடிவு பண்ண வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

போன தடவை அரைகுறையாகச் சொன்னேன், இப்போது விவரமாகவே எழுதுகிறேன். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிற நாடு, கடல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேகோங் ஆறுதான். நாங்கள் பாங்காக்கில் இறங்கி, ராத்திரி ரயிலில் உபோன் ராச்சதானி போய், அங்கிருந்து பஸ்ஸில் எல்லையைத் தாண்டினோம். விசா அங்கேயே கொடுத்தார்கள். நூறு டாலரை நீட்டினால் இருபது லட்சம் கிப்புக்கு மேல் கைக்கு வருகிறது. இவர் அந்தக் கட்டை பனியனுக்குள் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக லட்சாதிபதியாக நடந்தார். சாயங்காலம் ஒரு காப்பிக்கு இருபதாயிரம் எண்ணிக் கொடுத்ததும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

தெற்கே சம்பாசாக் என்று ஒரு சின்ன ஊர், ஆற்றங்கரையில் ஒரே தெரு. அதை ஒட்டிய மலையடிவாரத்தில் வாட் ஃபூ கோயில் இருக்கிறது. நீ இதைக் கவனமாகப் படி. அந்த மலையின் உச்சியில் இயற்கையாகவே லிங்கம் போல ஒரு பாறை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் பழைய காலத்தில் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கெமர் அரசர்கள் கட்டிய சிவன் கோயில். இன்றைக்கு நிற்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை 11-ம் நூற்றாண்டிலிருந்து 13-ம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கே சீரமைப்பு வேலை செய்கிறது. அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து இவர் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மேலே ஏறும் படிகள் உடைந்து, சரிந்து, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரையடி என்று இருக்கின்றன. இரண்டு பக்கமும் கள்ளிமந்தாரை மரங்கள். நாங்கள் போன ஜனவரியில் இலையே இல்லாமல், வழுவழுவென்று முறுக்கிக்கொண்டு நின்றன, ஆனால் படியெல்லாம் பூ. அதுதான் லாவோஸின் தேசிய மலராம். மேலே கருவறை. லிங்கம் இருந்த இடத்தில் இப்போது புத்தர் உட்கார்ந்திருக்கிறார், மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு. வாசல் நிலைக்கு மேலே கல்லில் இந்திரன் மூன்று தலை ஐராவதத்தின் மேல் இருக்கிறான், இன்னொரு வாசலில் கண்ணன் கம்சனைக் கிழிக்கிறான். புத்தருக்கு வாழையிலையைச் சுருட்டி, துலுக்கச்சாமந்தி செருகிய கூம்புகளைப் படைக்கிறார்கள். எந்தச் சாமிக்கு யார் கும்பிடுகிறார்கள் என்று அங்கே ஒருவரும் கவலைப்படவில்லை.

கோயிலுக்குப் பின்னால் செங்குத்தான பாறை. அதன் அடியிலிருந்து ஒரு ஊற்று கசிகிறது. முன்பு அந்தத் தண்ணீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து நேராக லிங்கத்தின் மேல் விழும்படி செய்திருக்கிறார்கள். ராத்திரி பகல் ஓயாத அபிஷேகம், ஆள் வேண்டாம், குடம் வேண்டாம். வாய்க்கால் இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறது, ஊற்று மட்டும் நிற்கவில்லை. ஒரு பாட்டி பெப்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, என் தலையில் கொஞ்சம் தெளித்து, என் கையிலும் ஊற்றினாள். ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெரிய பாறையில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரையும் செதுக்கியிருக்கிறார்கள், பாசி படிந்து பாதி முகம்தான் தெரிகிறது. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் என்று எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் ஜோடி மட்டும்தான்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், உனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். மீனை உப்பும் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து 'படேக்' என்று ஒன்று செய்கிறார்கள், பப்பாளிக்காய் சாலட்டில்கூட அதை ஊற்றிவிடுவார்கள். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒட்டரிசி சோறு இருக்கிறதே, அது போதும். மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, மூடியுள்ள சின்னக் கூடையில் சுடச்சுட வைக்கிறார்கள். கையால் கிள்ளி, உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பாலோடு மூங்கில் குழாயில் சுட்டதும் சாலையோரம் விற்கிறார்கள், குழாயை உரித்துக்கொண்டே பஸ்ஸில் சாப்பிடலாம். காப்பி பொலவென் பீடபூமியில் அங்கேயே விளைகிறது. டிகாக்‌ஷன் நல்ல கெட்டி, நம் வாய்க்கு ஒத்துப்போகும்.

இன்னும் தெற்கே, கம்போடிய எல்லைக்குப் பக்கத்தில் மேகோங் பல கிளைகளாகப் பிரிந்து ஏகப்பட்ட தீவுகளாகக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஆற்றின் வழியாகவே சீனாவுக்குப் போய்விடலாம் என்று கனவு கண்டார்கள். குறுக்கே கோன் அருவி. உயரம் பெரிதாக இல்லை, அகலம்தான் பத்து கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. எந்தக் கப்பலும் ஏற முடியாது. அதனால் 1890-களில் தீவின் மேலேயே தண்டவாளம் போட்டு, படகுகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். வெறும் ஏழு கிலோமீட்டர் பாதை. வெகுகாலம் லாவோஸில் ஓடிய ஒரே ரயில் அதுதான். துருப்பிடித்த எஞ்சின் ஒன்று இன்னும் நிற்கிறது, பக்கத்தில் கோழி மேய்கிறது. கீழே எல்லையில் ஒரு மடு, அதில் டால்பின் இருந்ததாம். 2022-ல் கடைசி டால்பினும் செத்துவிட்டது. படகுக்காரர் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

லுவாங் பிரபாங் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அழகான ஊர்தான். ஆனால் விடிகாலையில் பிட்சுக்கள் பிச்சைக்கு வரிசையாக வரும்போது, சுற்றுலாக்காரர்கள் அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறார்கள். சின்னப் பையன்கள், பத்து வயசு இருக்கும், தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். எனக்குக் கூசியது. இவருக்கோ அந்த ஊர்தான் பிடித்தது.

தலைநகர் வியஞ்சானில் 'கோப்' என்று ஒரு மையம் இருக்கிறது, கட்டாயம் பார்க்க வேண்டியது. 1964-க்கும் 1973-க்கும் நடுவில் அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டிருக்கிறது. கொத்துக் குண்டுகளில் பத்துக்கு மூன்று வெடிக்காமலே மண்ணுக்குள் போய்விட்டன. உழும்போதும் குழந்தைகள் விளையாடும்போதும் இன்னும் வெடிக்கின்றன. கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுப்பது அந்த மையத்தின் வேலை. கழற்றிப் போட்ட பழைய மூங்கில் கால்களையும் மரக்கால்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். வடக்கே நபியா என்ற கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். ஒன்று வாங்கிவந்தேன். எடையே இல்லை, ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு. உப்பு ஜாடியில் போட்டிருக்கிறேன், நீ வந்தால் பார்ப்பாய்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். கிர்கிஸ்தான். சிரிக்காதே. எங்கள் எதிர்வீட்டுப் பையன் பிஷ்கெக்கில்தான் டாக்டருக்குப் படிக்கிறான், நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஏராளம். அவன் லீவுக்கு வந்தபோது சொங்கூல் ஏரியைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு ஏரி, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. ஜூனில் ஆட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு மேய்ப்பர்கள் ஏறுவார்கள், செப்டம்பரில் பனி விழுமுன் இறங்கிவிடுவார்கள். கம்பளிக் கூடாரத்தில் நாமும் தங்கலாம். அந்தக் கூடாரத்தின் உச்சி வளையம்தான் அவர்கள் கொடியின் நடுவில் இருப்பது. படுத்துக்கொண்டு அந்த வளையம் வழியாக நட்சத்திரம் பார்க்கலாம் என்றான் பையன். குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குடிப்பார்களாம், அதை இவர் பார்த்துக்கொள்வார். உனக்குத் தந்தூர் ரொட்டி, பாலாடை, ஜாம், தக்காளி.

கீழே இசிக்கூல் என்று இன்னொரு ஏரி. எவ்வளவு குளிரிலும் உறையாது. 7-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வரும் வழியில் யுவான் சுவாங் அதன் கரையோடுதான் வந்திருக்கிறார். அதே மனிதர் பிறகு நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்துவிட்டார். அவர் நடந்தும் குதிரையிலும் வந்தார், நமக்கு டெல்லியிலிருந்து பக்கத்து நாடான கஜகஸ்தானின் அல்மாட்டிக்கு விமானம் இருக்கிறது. அந்த நாட்டில் பதினான்கு நாள்வரை நமக்கு விசா தேவையில்லை. அல்மாட்டியிலிருந்து பிஷ்கெக் காரில் ஒரு பகல் தூரம்கூட இல்லை. கிர்கிஸ்தான் விசாவை ஆன்லைனில் வாங்கிவிடலாம்.

அடுத்த ஜூலை என்று வைத்திருக்கிறேன். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எடுத்துப் பார், பயணத்துக்கு அப்புறம் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடு. அப்புறம் உன் டாக்டரிடம் அவ்வளவு உயரத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேள். குதிரை ஏறலாமா என்று கேட்காதே, வேண்டாம் என்றுதான் சொல்வார்.

அன்புடன்,
ராஜி