ஞாயிறு படம், அப்புறம் நம் செல்போன் படம்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு பெங்களூரு அல்சூரில், வழக்கமான மொட்டை மாடியில், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம். 2017-இல் வந்தது. பல இடங்களில் திரையிட விடவில்லை. யூடியூபில்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு 2013-இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு அப்புறமும் யார் அள்ளுகிறார்கள், எந்தச் சாதியில் பிறந்ததால் அள்ளுகிறார்கள் என்று முகத்துக்கு நேராகக் காட்டுகிற படம். சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பேசுவோம். சாப்பிட்டவுடன் வராதீர்கள். சிறு பிள்ளைகள் வேண்டாம்.

சரி, நாம் எடுக்கும் படத்துக்கு வருகிறேன். பௌரகார்மிகர்களிடம், அதாவது நகரத் துப்புரவுத் தொழிலாளர்களிடம், முதலில் கேளுங்கள், அப்புறம் செல்போனை எடுங்கள். போன வாரம் கேட்காமல் எடுத்த இரண்டு காட்சிகளை அழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முகம் தெரிந்தால் அவர்கள் வேலைக்கே ஆபத்து வரலாம், நமக்கு ஒன்றும் ஆகாது. தமிழோ கன்னடமோ, குரல் மட்டும் இருந்தாலும் போதும். கையுறை கிழிந்திருப்பதைக் காட்ட முகம் எதற்கு?

பாய் கொண்டுவாருங்கள். நாற்காலி 8 தான் இருக்கிறது.