அஞ்சத் தேவையில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளர்களுக்கு வைரஸால் மூளைக் கட்டி வருமா என்று அலசிய தங்கள் மருத்துவப் பக்கம், 'நிரூபணம் இல்லாததால் அஞ்சத் தேவையில்லை' என்று முடித்திருக்கிறது. நிரூபணம் இல்லைதான். அஞ்சத் தேவையில்லை என்று எந்த ஆய்வு சொன்னது? கோழி இரத்தம் படாத கையால் எங்களுக்கு அபயம் அளித்த கட்டுரையாளருக்கு நன்றி.

நான் அறுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தலைகீழாகத் தொங்கும் கோழி சிறகடித்தால் இரத்தம் கண்ணில் தெறிக்கும். துடைத்துக்கொள்ள, கோழிகள் தொங்கி நகரும் வரிசை நிற்காது. எலும்பு குத்திக் கிழித்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அதே கையால் குடலை உருவுவோம். கையுறையா? அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் தரிசனம் தரும்.

என் பக்கத்தில் நின்றவள் ஓயாமல் தலைவலி என்றாள். ஆலை மருத்துவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். பேச்சு குழறிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். புகைப்பழக்கம் உண்டா, மது உண்டா என்றெல்லாம் கேட்ட மருத்துவமனை, தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டது. அதற்குள் அவள் வேலையை விட்டிருந்தாள் அல்லவா! இப்படி எழுதி வைத்துக்கொண்டு தேடினால் தொடர்பு எங்கிருந்து கிடைக்கும்?

வைரஸால்தான் அவளுக்கு வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் தங்களுக்குத் தெரியாததா? கோழிக்குப் புற்றுக்கட்டி தரும் வைரஸை அமெரிக்க ஆய்வாளர் பெய்ட்டன் ரூஸ் 1911-இலேயே காட்டிவிட்டார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1966 ஆனது. அந்த வைரஸைச் செலுத்தி ஆய்வக விலங்குகளுக்கு மூளைக் கட்டியை வரவழைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கோழி ஆலைத் தொழிலாளர்களின் இறப்புகளை ஆராய்ந்தவர்களும், எண்ணிக்கை சிறிதென்றாலும், மூளைப் புற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். கட்டுரையில் இவற்றுக்கு இடமில்லை. கைப்பேசியால் மூளைக் கட்டி வருமா என்பதற்கு மட்டும் அட்டைப்படமே கிடைக்கிறது. பறவைக் காய்ச்சல் பரவினாலும் 'கோழி சாப்பிடலாமா?' என்பதுதான் தங்கள் கவலை; அறுப்பவர்கள் எக்கேடு கெட்டால் என்ன!

நான் கேட்பது பெரிதல்ல. அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மருத்துவரிடம் போகிறவர்கள் முன்பு பார்த்த வேலையையும் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். என் முந்தைய கடிதங்களுக்கு இடமில்லாமல் போனதுபோல் இதற்கும் போனால், ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என் ராசியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோழி ஆலைத் தொழிலாளி