பழைய கணினிகளை ஒதுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்து பெறும் நீடிப்பும் 2026 ஒக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 ஓடுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறத்தாழ இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரோசசரும் வேண்டும். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருக்கும் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 கணினிகள் இந்த வரம்புக்குள் வராது. "இனி இது சரிவராது, புதிசு வாங்குங்கோ" என்ற சொல்லை நம்பி அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வரம்புச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11 ஐ ஏற்றி, காசு கொடுக்காமல் அதைச் செயற்படவைக்கும் கள்ள அக்டிவேற்றர் போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அக்டிவேற்றர் வேலை செய்ய முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். கதவைத் திறந்துவிட்டுப் பூட்டு வாங்குகிற வேலை அது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ஸ்டொப்' வகை வைரஸ் பரவியதும் பெரும்பாலும் இப்படியான கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான்.

64 பிட் புரோசசரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்டின் இலகுவான எக்ஸ்எப்சிஈ பதிப்பு தாராளமாக ஓடும். அதன் 22 ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபியிலும் ஏறும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். 32 பிட் மட்டுமே உள்ள இயந்திரத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையே 2025 இல் வந்த 13 ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

வேகம் குறைந்தால் எல்லோரும் ரேமைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை, சுற்றுகிற பழைய ஹாட் டிஸ்க்கில் இருக்கிறது. முதல் செலவு சுற்றாத வகையான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றாக இருக்கட்டும். ரேம் கூட்டுவதென்றால் லப்டொப்பில் ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். நான்காம் தலைமுறை லப்டொப்புகள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் திரையே வராமல் போகலாம்.

கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே தொடங்குங்கள். 8 ஜிபி பென்டிரைவில் ரூபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் மின்டை எழுதி, கணினியைப் போடும்போது டெல், லெனோவோ என்றால் எப்12, எச்பி என்றால் எப்9 அழுத்த வேண்டும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு வைபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். பிரிண்டர் விடயத்தில் கவனம் தேவை: பழைய கனன் எல்பிபி 2900 போன்றவை லினக்ஸில் மிகவும் படுத்தும். வைபை தெரியாவிட்டால், பெரும்பாலும் பிரோட்கொம் நிறுவன வைபை அட்டையாக இருக்கும். போனை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போட்டால் இணையம் உடனே வரும், டிரைவரை அதன் வழியே இறக்கலாம். நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில், டிஸ்க் முறை 'ரெயிட்' என்றிருப்பதை 'ஏஎச்சிஐ' ஆக்க வேண்டும். அப்படி மாற்றினால் பழைய விண்டோஸ் எழும்பாது என்பதையும் மனதில் வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இணையப் பக்கங்கள் 'சான்றிதழ் பிழை' காட்டினால் திகதியைப் பாருங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்து, கணினி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும்.

இவை எல்லாம் ஒரு பின்னேரத்து வேலை. நம் பகுதியில் உண்மையான முடிச்சு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் தட்டிய கடிதம் கோப்புக்குள் தமிழாக இல்லை. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பையாகத் தெரியும். தேடினாலும் அகப்படாது. பழைய கடிதங்களை வாசிக்க எழுத்துருக் கோப்பை மின்டில் நிறுவினால் போதும், வேர்ட், எக்செல்லுக்குப் பதிலாக அதில் உள்ள லிப்ரே ஒபிஸ் காட்டும். புதியவற்றை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் எழுதுங்கள். "விரல் பழகிவிட்டதே" என்று கொமினிகேசன் கடைத் தட்டெழுத்தாளர்கள் தயங்குவது நியாயமானது. அவர்களுக்கு மின்டில் நிறுவக்கூடிய ஐபஸ் எம்17என் என்ற தட்டெழுத்துப் பொதியில் ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. அது நம் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கை ஒட்டியது, பாமினி விரல்களுக்கு நெருக்கமானது. போனில் பழகிய பிள்ளைகளுக்கு அதே பொதியில் ஒலிபெயர்ப்பு முறையும் தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. பழைய கடிதங்களை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோட் ஆக்கும்போது இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். பந்தி பந்தியாக மாற்றி ஒப்பிடுங்கள், முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாதீர்கள்.

வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் திறக்கும். கட்டம் கட்டமான விண்ணப்பப் படிவங்களில் கோடு நகரும், எக்செல் மக்ரோக்கள் முழுதாக ஓடா. ஆகவே வெளியே அனுப்புவதைப் பிடிஎப் ஆக அனுப்புங்கள். போட்டோஷொப்பில் கலியாண அல்பம் செய்கிறவர்களும் கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துகிறவர்களும் மாற வேண்டாம். போட்டோஷொப்புக்குப் பதிலாக உள்ள கிம்ப் நல்லதுதான், ஆனால் நாளைக்கு அல்பம் கொடுக்க வேண்டியவருக்கு அது உதவாது.

பாடசாலைக்கு நிலைமை வேறு. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவருக்கு வேண்டிய பைதன் மின்டில் ஏற்கெனவே இருக்கிறது. பென்டிரைவில் கோப்புறைகளை ஒளித்து ஷோர்ட்கட் ஆக்கும் வைரஸ் இங்கே ஓடாது. அது ஒளித்தவை இங்கே பெரும்பாலும் அப்படியே தெரியும், தெரியாவிட்டால் கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், பிள்ளையின் பாடக் குறிப்பை மீட்டுக் கொடுக்கலாம்.

மின்டை இறக்க ஏறத்தாழ 3 ஜிபி டேட்டா போகும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள ஒவ்வொரு வீடும் அதைத் தனித்தனியே செலவழிக்கத் தேவையில்லை. இதைப் பிரதி எடுத்துக் கொடுப்பது சட்டப்படி முழு உரிமை. 2004 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்த நாட்களில், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் எழுதிய 'சகானா' மென்பொருளும் இதே திறந்த மூல முறையில் பிறந்து வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. பிரதேச சபை நூலகங்கள் ஒவ்வொன்றும் ஒரு பென்டிரைவில் மின்டும், ரெங்கநாதன் விசைப்பலகைப் படமும் வைத்திருந்து, கேட்பவர்களுக்குப் பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். பாடசாலைகள் வருட இறுதிப் பொருட்கணக்கெடுப்பில் ஒரு கணினியைக் 'கழிக்கலாம்' என்று எழுதுவதற்கு முன், அந்தப் பென்டிரைவைப் போட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்கட்டும்.

கணினித் திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.