ஏரியா சபைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

குடியிருப்போர் நலச் சங்கத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்ததையும், வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்குப் பிரதிநிதியாக நியமனம் ஆனதையும் அம்மா சொன்னாள். சந்தோஷம்மா. சம்பளம் இல்லாத வேலை, திட்டு மட்டும் நிறைய கிடைக்கும். போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய் என்பதால் எழுதுகிறேன்.

உனக்குக் கிடைத்திருக்கும் நாற்காலி யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததல்ல. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு இருக்க வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தமே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், விதிகள் 2022-ல்தான் வந்தன. இடையில் பன்னிரண்டு வருஷம்! சென்னையில் 200 வார்டு, வார்டுக்குப் பத்து ஏரியா. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதில் உன்னைப் போல் பத்துப் பேர். உன் ஏரியாவின் வாக்காளர்கள் எல்லாரும் ஏரியா சபையின் உறுப்பினர்கள்.

அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கொள். உன்னை அனுப்பியது குடியிருப்போர் நலச் சங்கம். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். சபையிலோ வாடகைக்கு இருப்பவர், ஏரிக்கரைக் குடிசையில் இருப்பவர், இஸ்திரி வண்டிக்காரர் எல்லாருக்கும் ஒரே உரிமை. சங்கத்தில் பேசி முடித்ததை அப்படியே சபையின் முடிவு என்று கொண்டுபோனால் முதல் கூட்டத்திலேயே சண்டை வரும். வரவும் வேண்டும்.

முதல் வேலையாக, உன் ஏரியாவில் எந்தெந்தத் தெரு அடக்கம் என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. ஒரே தெருவில் வலப்பக்கம் ஒரு வார்டு, இடப்பக்கம் வேறு வார்டு என்பது நம் ஊரில் சகஜம். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை தெருத் தெருவாக நட. எரியாத விளக்கின் கம்ப எண், உடைந்த மேன்ஹோல் மூடி எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, குப்பைத் தொட்டி எந்த முனையில், எல்லாவற்றையும் நோட்டில் ஏற்று.

எது யாருடையது என்று பிரித்துக்கொள்வதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். உட்தெரு, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா எல்லாம் மாநகராட்சி, புகாருக்கு 1913. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம்; அதற்கு 1916. மின்வாரியம் தனி. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. நீ இருக்கும் மடிப்பாக்கத்தில் இந்தப் பிரிவினை இன்னும் சிக்கல். உங்கள் பக்கத்து வெள்ளம் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழ வேண்டும். சதுப்பு நிலம் வனத்துறையிடம், மடுவு நீர்வளத் துறையிடம். ஆகவே உன் தெரு வடிகாலைப் பளபளவென்று தூர்வாரினாலும் கீழே அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி வரும். "இந்த வடிகால் எங்கே போய் முடிகிறது?" என்று மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) கேள். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்.

தூர்வாரும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள் தெரியுமா? அள்ளிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அது மறுபடி உள்ளே போகும். இரண்டாவது, நடுவில் இருக்கும் வண்டல் தொட்டியைத் திறக்கவே மாட்டார்கள். மூன்றாவது, ரோட்டிலிருந்து தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் ஓட்டை ரோட்டைவிட உயரத்தில் இருக்கும். வடிகால் காலியாகவும் தெரு குளமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். மழை இல்லாத நாளிலும் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், யாரோ சாக்கடைக் குழாயை அதில் சேர்த்திருக்கிறார்கள். அது உன் சங்கத்து உறுப்பினர் வீடாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்.

சபைக்கு வருஷத்துக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரலில் குடிநீரைத் தவிர வேறு எது பேசினாலும் யார் காதிலும் ஏறாது. செப்டம்பர், வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்னால் வருவதால், வடிகாலுக்கான கடைசி வாய்ப்பு. எனக்கு முக்கியமாகப் படுவது டிசம்பர் கூட்டம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. மழையில் எங்கே எத்தனை அங்குலம் நின்றது என்ற கணக்கும் அப்போது சூடாக இருக்கும். பட்ஜெட்டில் ஏற வேண்டியதை டிசம்பரில் தீர்மானமாக்கிவிடு. ஜனவரிக்குத் தள்ளினால் பெரும்பாலும் ஒரு வருஷம் போச்சு.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போ. "எங்கள் பகுதியில் மழைநீர் தேங்குவதைச் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதினால் அதைக் கோப்பில் வைத்து மூடிவிடலாம். "மூன்றாவது குறுக்குத் தெருவில் 14-ஆம் எண் வீட்டிலிருந்து பால் பூத் வரை சுமார் 60 மீட்டர் வடிகாலைத் தூர்வாரி, அடைபட்ட 5 நீர் இறங்கும் வாய்களைத் திறந்து, எடுத்த சேற்றை அன்றே அகற்ற வேண்டும்" என்று எழுது. இடம், அளவு, வேலை மூன்றும் இருந்தால்தான் எஸ்டிமேட் போட முடியும். ஒரு கூட்டத்துக்கு மூன்று தீர்மானம் போதும். முப்பது கொடுத்தால் எது சுலபமோ அதைச் செய்துவிட்டுக் கணக்குக் காட்டிவிடுவார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துக் கேள். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சம் ரூபாய். பத்து ஏரியாவுக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 லட்சம். அதில் புது வடிகால் கேட்பது நடக்காது. விளக்கு, பூங்கா வேலி, அங்கன்வாடிக் கழிப்பறை ரிப்பேர் மாதிரி சின்ன வேலைக்கு அதைக் கேள். பெரிய வேலைக்கு மண்டல அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்.

ரோடு போட வரும்போது ஒரு விஷயம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த மில்லிங்கைத் தவிர்த்தால் வருஷா வருஷம் ரோடு ஏறி, வீடு பள்ளமாகும். வேலை தொடங்கும் முன் நாலு வீட்டு காம்பவுண்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு, ரோட்டிலிருந்து அதன் உயரத்தை டேப்பில் அளந்து, போட்டோ எடுத்து வை. முடிந்தபின் மறுபடி அள. வாய்ச்சண்டையே தேவைப்படாது. இன்னொன்று: மெட்ரோ வாட்டர் தோண்ட வேண்டிய தெருவில் அவர்கள் வேலை முடியாமல் தார் போட விடாதே. தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்காமல் மூடினால் முதல் மழைக்கே உள்வாங்கும்.

கூட்டம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதே. நடவடிக்கைக் குறிப்பில் உன் தீர்மானம் நீ எழுதிய சொற்களிலேயே ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. "விவாதிக்கப்பட்டது" என்று இருந்தால் "தீர்மானிக்கப்பட்டது" என்று மாற்றச் சொல். நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதே, அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். எஸ்டிமேட் நகல், பணி ஆணை நகல் என்று ஆவணத்தைக் கேள்.

காய்கறித் தள்ளுவண்டிகளை எடுக்கச் சொல்லி உன்னிடம் கட்டாயம் ஒரு மனு வரும். 2014-ஆம் வருஷத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அதை முடிவு செய்ய நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்பதும் சட்டம். சபையில் கைதூக்கி முடித்துவிடுகிற விஷயமில்லை என்று மனுக் கொடுத்தவரிடம் சொல்லிவிடு. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கீழ்வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் பழைய முகவரியிலேயே இருக்கும். படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல். அடுத்த கூட்டத்தில் அவர்களும் கைதூக்கட்டும்.

அன்புடன்,
அப்பா