சத்தாம் வீதியின் வெளிச்சவீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், ஜேர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள லிண்டாவ் என்னும் சிறு தீவு நகரைப் பற்றி வெளியான கட்டுரையை விருப்பத்துடன் வாசித்தேன். 1856 இல் கட்டி முடிக்கப்பட்ட, 33 மீற்றர் உயரமான வெளிச்சவீட்டையும், துறைமுக வாயிலின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கும் கல் சிங்கத்தையும் கட்டுரையாளர் நேரில் கண்டதுபோல் காட்டியிருந்தார். ஆனால், மணிக்கூடு பொருத்திய வெளிச்சவீட்டை உலகில் வேறெங்கும் காண முடியாதென அவர் எழுதியதை, கொழும்பு கோட்டைப் பகுதியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என்னால் அப்படியே விட்டுவிட இயலவில்லை.

சத்தாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில், வாகனங்கள் சுற்றிச் செல்ல நடுவீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் லிண்டாவ் கோபுரத்துக்கு ஒரு வயதே இளையது. ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் அமைப்பு வரைந்து கொடுக்க, 1857 இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த 29 மீற்றர் கோபுரத்தின் உச்சியில் 1860களில் விளக்கு ஏற்றப்பட்டது. காலையில் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகையில், அதன் மணிக்கூட்டைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வது எங்கள் கந்தோரில் பலருக்கும் பழக்கம். எனினும் அது வெளிச்சவீடாகவும் இருந்ததென்பதை அவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. சென்ற போயா விடுமுறையில் என் பேத்தியை அங்கே அழைத்துச் சென்று, உச்சியிலிருக்கும் விளக்குக் கூண்டைக் காட்டியபோது, "கடல் எங்கே தாத்தா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதிலேயே கோபுரத்தின் கதை முழுவதும் இருக்கிறது. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் ஒளியை மறைத்ததால் 1952 இல் விளக்கு அணைக்கப்பட்டு, அடியில் நான்கு சிங்கங்களுடன் கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு கட்டப்பட்டது. (அதன் முன்னாலும் இப்போது துறைமுக நகரம் எழுந்து வருகிறது.) லிண்டாவிலோ, கோபுரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் எவரும் எதையும் கட்டவில்லை, ஏரியில் வரும் கப்பல்கள் தேவைப்படும்போது வானொலிச் சமிக்ஞை அனுப்பினால் அந்த விளக்கு இன்றும் எரிகிறது.

கோட்டைக் கோபுரத்தின் விளக்குக் கூண்டில் இரவு நேரத்தில் ஒரு சிறு விளக்கையேனும் ஏற்றி வைக்கும்படி உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கப்பல்கள் வழி தடுமாறும் என்று அவர்கள் அஞ்சத் தேவையில்லை. கடலிலிருந்து தெரியவில்லை என்றுதானே அதை அணைத்தார்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.