வலது காது செய்த வேலை

அன்புள்ள செல்வம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீ நம்பமாட்டாய். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் பற்றி அக்கா சொன்னார்கள். மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் வலிக்கும், கேரம் ஆட வலிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும் வழக்கம்போல இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் ஆராதனைப் பதிவைப் போட்டேன், ஒன்பது வேதபாடங்களும் இடையிடையே கீதங்களும் வருமே, அது. 1918-இல் தொடங்கிய அதே ஆராதனை; முதல் கீதத்தின் முதல் சரணத்தை ஒரு பையன் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாகப் பாடுவானே, அது. பையன் குரல் கேட்டது. சொற்களைக் காணோம். "என்ன இவன், வாயில் எதையோ வைத்துக்கொண்டு பாடுகிறான்!" என்று சத்தம் போட்டேன். "தெளிவாகத்தானே பாடுகிறான்" என்றாள் என் மனைவி, தலையைத் தூக்காமலே.

அப்புறம் பரிசோதனை. கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். ஒரு கட்டத்தில் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் பொறுமையாக அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். வரைபடத்தைக் காட்டினார்கள்: தாழ்ந்த ஒலிகள் இருக்கும் இடது ஓரம் சமதளம், உச்ச ஒலிகள் இருக்கும் வலது ஓரம் சறுக்குமரம். வயதானால் உச்ச ஒலிகள்தான் முதலில் போகுமாம். 'ஸ', 'ஃப' மாதிரி எழுத்துகளெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. உயிரெழுத்துகள் கீழே பத்திரமாக இருக்கின்றன. இரண்டு காதில் வலது காது ரொம்ப மோசம், இடது காது தேவலை.

காதுக் கருவி வாங்கினேன். பேச்சுக்கு அருமை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் போட்டேன், புல்லாங்குழல் நீண்ட சுரம் பிடிக்கும் இடத்தில் தண்ணீருக்குள் ஊதுவது போல நடுங்கியது. கேட்டால், நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தைக் கருவி தன்னுடைய 'கீ' சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறதாம். இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தந்திருக்கிறார்கள். பரவாயில்லை ரகம்.

இதைவிட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தெரிந்த கேரல்களில், அதாவது கிறிஸ்துமஸ் கீதங்களில், ஒரு சொல் விடாமல் கேட்கிறது. எனக்குத் தெரியாத ஒன்றைப் போடச் சொன்னேன், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அப்படியானால் இத்தனை நாள் நான் கேட்டது காதாலா, ஞாபகத்தாலா? நாற்பது வருஷம் நம் கோவில் பாடகர் குழுவில், நம் குவயரில், பாடியதைத்தான் உள்ளே ஓட்டிக்கொண்டு, வெளியே கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா? சிரிக்காதே. ராத்திரி இரண்டு மணிக்கு இது சிரிப்பாக இல்லை.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். எனக்குத் தெரியாத மொழிகளுக்குத் தாவினேன். ஸ்பெயின் இசையமைப்பாளர் விக்டோரியாவின் 'ஓ மேக்னம் மிஸ்டீரியம்', 1572-இல் அச்சானது, லத்தீன், நான்கு குரல். பிரிட்டோரியஸ் 1609-இல் நான்கு குரலுக்கு அமைத்த அந்த ரோஜாப் பாட்டு, ஜெர்மன். நல்ல காதுள்ளவனுக்கும் எனக்கும் இங்கே வித்தியாசமே இல்லை, இருவருக்கும் ஒன்றும் புரியாது!

அப்படித் தேடும்போதுதான் இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியிடம் வந்து சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் இரவுக்காக என்று அவரே குறித்த கான்செர்ட்டோ, பாட்டில்லாத வாத்திய இசை, ஆறாவது தொகுப்பில் எட்டாவது. 1714-இல் அச்சாகி வந்தபோது மனிதர் உயிரோடு இல்லை. கடைசியில் ஒரு 'பாஸ்டரேல்', மேய்ப்பர் இசை, வரும், விரும்பினால் வாசிக்கலாம் என்று குறித்திருக்கிறார். எவன் விரும்பமாட்டான்! ஒவ்வொரு தட்டும் மூன்று மூன்றாகப் பிரிந்து ஆடுகிறது, நம் திஸ்ர நடை மாதிரி, தொட்டிலைத் தள்ளிவிட்ட கை எடுத்த பிறகும் ஆடுகிற மாதிரி. கீழே ஒரு சுரம் தம்பூரா போல அசையாமல் கிடக்கிறது. கருவியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டேன், செல்வம். அந்தக் கீழ்ச்சுரம் முழுசாகக் கேட்டது. அது ஞாபகத்தின் வேலை இல்லை, ஏனென்றால் இந்தப் பாஸ்டரேலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

அந்த ஆட்டமும் சுருதியும் மேய்ப்பர்களிடமிருந்து வந்தவை. இத்தாலிய மலைகளிலிருந்து கிறிஸ்துமஸ் சமயம் ரோமுக்கு இறங்கிவந்து, குழலும் தோல்பை வாத்தியமும் ஊதுவார்கள். அந்தப் பைக்கு ஒரு சுரத்தை நிறுத்தத் தெரியாது. இசையமைப்பாளர் ஹாண்டலும் கொஞ்சகாலம் ரோமில் இருந்தவர்தான். 'மெசையா'வில் மேய்ப்பர்கள் வருமுன் வரும் சின்னத் துண்டுக்கு 'பிஃபா' என்று அந்தக் குழல்காரர்களின் பெயரையே வைத்தார். (அந்த 'மெசையா' முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரலில், டப்ளினில். ஏப்ரல், நீ சொன்ன கிறிஸ்துமஸ் இல்லை! பந்தயப் பணம் இன்னும் வரவில்லை.) பாக் கிறிஸ்துமஸுக்கு எழுதிய ஆரட்டோரியோவில், வேதக் கதையைப் பாடிச் சொல்லும் அந்தப் பெரிய படைப்பில், இரண்டாம் பகுதியின் தொடக்கமும் இதே ஆட்டம்தான். அதில் வயலினும் புல்லாங்குழலும் தேவதூதர்கள், நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரியான ஓபோக் குழல்கள் நான்கும் மேய்ப்பர்கள் என்பார்கள். என் காதில் தேவதூதர்கள் மெல்ல மங்குகிறார்கள். மேய்ப்பர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

'மன அமைதிக்கு' என்று இப்போது மணிநேரக் கணக்கில் ஓடவிடுகிறார்களே, பியானோ, மணியோசை, மழைச் சத்தம், அதெல்லாம் எனக்கு வேண்டாம். அதில் தாங்கி நிற்க ஒன்றுமில்லை. மணியோசையில் பாதி எனக்குக் கேட்காது என்பதும் உண்மை.

உன்னிடம் ஒன்று கேட்கவே இந்தக் கடிதம். 'சைலண்ட் நைட்' முதன்முதலில் 1818 டிசம்பர் 24 அன்று ஓபர்ன்டார்ஃபில் இரண்டு ஆண்கள் ஒரு கித்தாரோடு பாடியது. எழுதிய மோர் டெனர், ஆண்குரலில் உச்சம்; மெட்டமைத்த க்ரூபர் பாஸ், அடிக்குரல். எலி ஆர்கனைக் கடித்ததால்தான் கித்தார் வந்தது என்று நம் மாஸ்டர் சொல்வாரே, அது பின்னால் யாரோ கட்டிய கதை. இரண்டு ஆண்கள், ஒரு கித்தார், நமக்கு அது போதும். நான் டெனர். உன் பாஸ் இன்னும் கரகரக்காமல் இருந்தால், இந்த இருபத்து நாலாம் தேதி வா. கித்தாரில் ஐந்து தந்திதான் இருக்கிறது, உனக்கு எப்போதும் மூன்றே போதும்.

வந்தால் என் இடது பக்கம் உட்கார்.

உன்,
சண்டைக்கார டெனர்