மேஸ்திரி சொல்லித் தந்த தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச் சுவரில் விரிசல் விட்டால் முதலில் திட்டு வாங்குவது சிமென்ட். அடுத்தது மணல். தண்ணீரை யாரும் விசாரிப்பதில்லை. எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை லோடு வந்தது என்பதற்கெல்லாம் நோட்டில் கணக்கு இருக்கும். எத்தனை குடம் தண்ணீர் எங்கே போனது என்பதற்கு இருக்காது. எங்களுக்குத் தொழில் பழக்கிய மூத்த மேஸ்திரி சிமென்ட்டைக் கடைசியில்தான் சந்தேகப்படுவார். எங்கே தண்ணீர் கொடுப்பது, எங்கே மறுப்பது என்று தெரிந்தால் கொத்து வேலையில் பாதி தெரிந்த மாதிரி என்பது அவர் கட்சி. அவர் இப்போது இல்லை. புதிதாகச் சித்தாள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும், வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அவர் காட்டிய செய்முறைகளை எழுதுகிறோம்.

செங்கலிலிருந்து தொடங்கலாம். காய்ந்த செங்கல் சாந்தில் உள்ள தண்ணீரைக் குடித்துவிடும். சிமென்ட் இறுகத் தேவையான ஈரம் போனதும் கல்லை ஒட்டியிருக்கும் சாந்து வெறும் மாவாக நின்றுவிடும். அப்படிப்பட்ட கல்லை மறுவாரம் அசைத்துப் பிடுங்கினால் அடியில் சாந்து துளியும் ஒட்டாமல் துடைத்த மாதிரி வரும். தொட்டியில் போட்ட கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை ஊற வேண்டும். அடுக்கின் மேல் குழாயைப் பிடித்துவிட்டு ஊறவைத்ததாகச் சொல்வது ஏமாற்று; அதில் தோல்தான் நனையும். தொட்டியிலிருந்து எடுத்த கையோடு கட்டவும் கூடாது. மேலே தண்ணீர் பளபளக்கும் கல் சாந்தின் மேல் மிதக்கும். நாலைந்து வரி ஏறிய பிறகு கீழ்வரி பாரம் தாங்காமல் நழுவும். காலையில் தூக்குக்குண்டுக்குச் சரியாக நின்ற சுவர் மாலையில் வயிறு தள்ளியிருக்கும். உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மேலே கை வைத்தால் ஒட்டக் கூடாது.

கல்லுக்கு ஊறல் தேவையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. கல்லின் மேல் மெழுகு பென்சிலால் 25 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டம் போட்டு, அதற்குள் 20 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 90 வினாடிக்குள் அத்தனையும் உள்ளே போய்விட்டால் அதை நனைக்காமல் கட்டக் கூடாது.

இங்கே ஒரு திருத்தம். மேஸ்திரி பழகியது சூளைச் செங்கல். அவர் சொன்னார் என்பதற்காக கான்கிரீட் பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். அது தவறு. கான்கிரீட் பிளாக் ஈரம் குடித்தால் சற்றே விரியும், காய்ந்தால் சுருங்கும். ஊறிய பிளாக்கில் கட்டிய சுவர் காயக் காயச் சுருங்கி, இணைப்பு வழியே படிக்கட்டு போல விரிசல் விடும். பிளாக்குக்கு மேலோட்டமாகத் தண்ணீர் தெளித்தால் போதும், அதுவும் வெயில் கடுமையாக இருந்தால்தான்.

அடுத்தது மணல். இதில்தான் அனுபவசாலிகளே ஏமாறுகிறார்கள். லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு பொடிக்கும் மேல் தண்ணீர் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பொடியைத் தள்ளி நிறுத்தும். அதனால் மணல் உப்பித் தெரியும். நைஸ் மணல் இன்னும் அதிகமாக உப்பும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் படலம் போய்ப் பழைய அளவுக்கே இறங்கிவிடும். இதை வைத்தே அளந்துவிடலாம். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை அமுக்காமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள். அதை வேறிடத்தில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறுங்கள். மணல் அடங்கிய பின் உயரம் 16 சென்டிமீட்டர் என்றால் உப்பல் 4. பதினாறில் நாலு, அதாவது 25 சதவீதம். ஒரு பெட்டி சிமென்ட்டுக்கு ஆறு பெட்டி மணல் என்ற ஒன்றுக்கு ஆறு கலவைக்கு அந்த மணலில் ஏழரைப் பெட்டி போட வேண்டும். ஆறே பெட்டி போட்டால் உண்மையில் விழுந்தது 4.8 பெட்டிதான். சிமென்ட் கூடினால் நல்லதுதானே என்று வீட்டுக்காரர் நினைப்பார். சிமென்ட் கூடிய சாந்து காயும்போது அதிகம் சுருங்கும். பூச்சில் விரிசலுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கலவையைக் காய்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை மூன்று தரம் புரட்டிவிட்டு, நடுவில் குழி பறித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். 50 கிலோ மூட்டை சிமென்ட் வேதிவினைக்கு எடுத்துக்கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய 12 லிட்டர்தான். மற்றதெல்லாம் கரண்டிக்கு இளக்கம் கொடுக்க நாம் சேர்ப்பது. அது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. அதனால் வேலை நடக்கும் அளவுக்கு மட்டும்தான் ஊற்ற வேண்டும். கரண்டியில் அள்ளிய சாந்து சாய்த்தால் நிற்க வேண்டும், கவிழ்த்தால் சுத்தமாக விழ வேண்டும். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். செங்கலில் வெள்ளை பூப்பதோடு உள்ளே கம்பியும் துருப்பிடிக்கும். சட்டியில் இறுகத் தொடங்கிய சாந்துக்குத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் இளகும், ஆனால் பிடிப்புத் திரும்பி வராது. வெயில் நேரத்தில் அரை மணிக்குள் செலவாகும் அளவு மட்டுமே குழைக்கச் சொல்வார் மேஸ்திரி.

மட்டம் பார்ப்பதும் தண்ணீர்தான். தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் இரண்டு அறைக்குத் தளம் போட்ட பிறகு விழிப்பார்கள். குழாயில் மேலிருந்து தண்ணீரைக் கொட்டினால் குமிழி மாட்டிக்கொள்ளும். வாளியை உயரத்தில் வைத்து, ஒரு முனையை அதில் அமுக்கி, மறுமுனையை வாயால் இழுத்து மெதுவாக ஓடவிட வேண்டும். பிறகு குழாய் முழுவதையும் கூர்ந்து பார்த்து, குமிழி தெரிந்த இடத்தில் விரலால் சுண்ட வேண்டும். கடலை அளவுக் குமிழி குழாயின் குறுக்கை அடைத்தாலே மட்டம் பொய் சொல்லும். வேலைக்கு முன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். எடுத்துப் போகும்போது கட்டைவிரலால் அடைப்போம். குறி போடும்போது ஒருவர் விரலை எடுக்க மறந்தால் போதும், எல்லாம் போச்சு. நீரின் மேற்பரப்பு குழாய்க்குள் குழிந்து நிற்கும். இருபக்கமும் குழியின் அடியைத்தான் பார்க்க வேண்டும். குழாயிலேயே ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு அறை அறையாகப் போகிறவர்கள் கவனிக்க: வழியில் கொஞ்சம் சிந்தினாலும் அந்தக் கோடு செல்லாது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறி போட்டால் சிந்தியதால் பாதகமில்லை.

பூச்சு வேலையில் தண்ணீரை அதிகமாகக் கெடுப்பவர்கள் அவசரக்காரர்கள். சுவரை முந்தின மாலையே நனைத்து, காலையில் லேசாகத் தெளித்துவிட்டுப் பூச வேண்டும். உள்பூச்சு 12 மில்லிமீட்டர். வெளிப்பூச்சு 20 வரை போனால் இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காகப் போட வேண்டும், ஒரே கையில் அப்பினால் தொங்கும். அடிச்சுவரைவிடப் பூச்சு கெட்டியாக இருக்கக் கூடாது. ஒன்றுக்கு ஆறில் கட்டிய சுவரில் ஒன்றுக்கு மூன்றில் பூசினால் பூச்சு சுருங்கி ஏடாகக் கழன்று வரும். மணியாசு போடும்போது, அதாவது பூச்சின் முகத்தைத் தேய்த்து மட்டமாக்கும்போது, பூச்சு இன்னும் சொதசொதவென்று இருந்தால், அந்த ஈரத்தை எடுக்கச் சிலர் காய்ந்த சிமென்ட்டை அள்ளித் தெளிக்கிறார்கள். உடனே இழுபடும், பளபளவென்று முகமும் வரும். ஆனால் மேலே உருவானது சிமென்ட் மிகுந்த மெல்லிய தோல். அது அடியில் இருக்கும் பூச்சைவிட அதிகம் சுருங்கி, சில நாளில் சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் ஓடும். எத்தனை கோட்டிங் பெயின்ட் அடித்தாலும் அது மறுபடி தெரியும். கரண்டியைத் தேவைக்கு மேல் தேய்த்தாலும் இதே கதைதான், அடியில் இருக்கும் தண்ணீரும் சிமென்ட்டும் மேலே வந்துவிடும். விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்று க்யூரிங் என்று சொல்லும் தண்ணீர் பிடிக்கிற வேலைக்கு மேஸ்திரி வைத்த கணக்கு ஏழு நாள். இதையும் நாங்கள் மாற்றிக்கொண்டுவிட்டோம். அனல் மின் நிலையச் சாம்பலோ இரும்பு ஆலைக் கசடோ கலந்த சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதற்குப் பத்து நாள் குறைந்தபட்சம், பதினான்கு நாள் நல்லது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அடித்துவிட்டு நடுப்பகலில் காயவிடுவதில் பலனில்லை. தளத்துக்கு ஓரத்தில் வரப்புக் கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தலாம். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றி, வெயில் படும் பக்கத்தைக் கை வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் காய்வது அந்தப் பக்கம்தான்.

இத்தனை நாள் தண்ணீர் கொடுத்த சுவருக்குக் கடைசியில் தண்ணீரை மறுக்க வேண்டும். சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில், வெளி விளிம்பிலிருந்து சற்று உள்ளே, நீளவாக்கில் ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு, எடுக்க வேண்டும். பூச்சு பச்சையாக இருக்கும்போதே அரை அங்குலக் கம்பியை அழுத்தி எடுத்தால் போதும். இது இல்லையென்றால் மழைநீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பரப்பை ஒட்டியபடி சுவருக்கு ஊர்ந்து போகும். ஜன்னலுக்கு மேலே வரும் பாசிக் கறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சாரம் பிரித்த பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது. அதனால் சாரக் கயிற்றை அவிழ்க்குமுன் ஒவ்வொரு சன்ஷேட்டின் மேலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, மேஸ்திரி கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். நீர் காடியைத் தாண்டி ஒரு விரல்கடை உள்ளே வந்தாலும் சாரம் மறுநாளும் அங்கேயே நிற்கும்.

இப்படிக்கு,
கட்டட வேலை செய்யும் கொத்தனார்கள் சிலர்